முடிந்ததா, முடியவில்லையா?

கணினித் திட்டங்களைப் பற்றி எழுத இந்தப் பழைய குமாஸ்தாவுக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரே ஒரு தகுதிதான். மென்பொருளை எழுதியவர்கள் குளிர்சாதன அறைக்குள் இருந்தார்கள். அது ஓடாதபோது கவுன்டரில் நின்று ஜனங்களுக்குப் பதில் சொன்னவர்கள் நாங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு துறையில், ஓய்வூதியக் கணக்குகளைக் கணினிக்கு மாற்றும் வேலை நடந்தது. மாதாமாதம் கூட்டம் போடுவார்கள். முதல் ஆண்டு முடிவில் "90 சதவீதம் முடிந்துவிட்டது" என்றார்கள். அடுத்த ஆண்டு முழுவதும் அதே 90தான். ஓர் ஓய்வூதிய ஆணையைக்கூட அதில் அச்சடிக்க முடியவில்லை. கணவனை இழந்த அம்மாக்கள் குடும்ப ஓய்வூதியத்துக்காக வந்து வந்து திரும்பினார்கள். மீதிப் பத்து சதவீதத்தில்தான் அவர்கள் வீட்டு அரிசி மாட்டிக்கொண்டிருந்தது.

என் மாப்பிள்ளை மென்பொருள் துறையில் இருக்கிறார். அண்மையில் வந்திருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன்.

"மாமா, அந்த 90ஐ எப்படிக் கணக்குப் போட்டாங்க?"

"அதுதான் யாருக்கும் தெரியாதே, மாப்பிள்ளை."

"அந்தக் கணக்குக்குன்னே ஒரு முறை இருக்கு மாமா" என்று சொல்லி, 'ஃபீச்சர் டிரிவன் டெவலப்மென்ட்' என்பதை விளக்கினார். சுருக்கமாக எஃப்.டி.டி. பிறகு நானும் தேடிப் படித்தேன்.

1997இல் சிங்கப்பூரில் ஒரு பெரிய வங்கியின் கடன் பிரிவுத் திட்டத்தில் பிறந்த முறை இது. ஆஸ்திரேலியரான ஜெஃப் டி லூக்கா வடிவமைத்தார். பீட்டர் கோட் என்பவரின் சிந்தனைகளும் சேர்ந்தன. அவர்களுக்கு முன் அதே வேலையை எடுத்தவர்கள் 3,500 பக்கம் ஆவணம் எழுதியிருந்தார்கள். ஓடும் நிரல் ஒரு வரிகூட இல்லையாம். படித்ததும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்தது போல் இருந்தது. 1999இல் இந்த முறை நூலில் வெளிவந்தது. இன்று 'அஜைல்' என்று சொல்லப்படும் குடும்பத்தில் இதுவும் ஒன்று.

இதில் ஐந்து படிகள். முதலில், வேலை தெரிந்தவர்களும் நிரல் எழுதுபவர்களும் ஒன்றாக உட்கார்ந்து முழு வேலைக்கும் ஒரு மாதிரிப் படம் வரைய வேண்டும். இரண்டாவது, செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போட வேண்டும். மூன்றாவது, எது முன், எது பின், யார் பொறுப்பு என்று திட்டமிட வேண்டும். நான்காவதும் ஐந்தாவதும், பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக வடிவமைத்துக் கட்டி முடிப்பது. பட்டியலில் உள்ள எந்த வேலையும் இரண்டு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. போகும் என்றால் அதை உடைத்துச் சின்னதாக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது அந்தப் பட்டியல் எழுதும் விதம். என்ன செய்ய வேண்டும், என்ன கிடைக்கும், எதன் மீது என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். "விற்பனையின் மொத்தத் தொகையைக் கணக்கிடு" என்பது போல. பிரெஞ்சுப் பள்ளியில் எங்களைத் தினமும் வாட்டிய வாக்கியப் பகுப்பு நினைவுக்கு வந்தது: எது வெர்ப், எது கொம்ப்ளெமான்? வினைச்சொல் இல்லாத வாக்கியத்துக்கு எங்கள் ஆசிரியர் மதிப்பெண் தர மாட்டார். "தரவுத்தள ஒருங்கிணைப்பு" என்று எழுதினால் கவுன்டர் குமாஸ்தாவுக்கு ஒன்றும் புரியாது. "இறந்த ஊழியரின் குடும்ப ஓய்வூதியத்தைக் கணக்கிடு" என்று எழுதினால், முடிந்ததா இல்லையா என்று நானே சோதித்துச் சொல்லிவிடுவேன்.

அடுத்தது சதவீதக் கணக்கு. ஒவ்வொரு வேலைக்கும் ஆறு கட்டங்கள். விஷயத்தைக் கேட்டறிவது 1, வடிவமைப்பு 40, அதைச் சரிபார்ப்பது 3, நிரல் எழுதுவது 45, அதைச் சரிபார்ப்பது 10, முழு மென்பொருளோடு சேர்ப்பது 1. கூட்டினால் 100. ஒரு கட்டம் முழுசாக முடிந்தால்தான் அதன் எண்ணைச் சேர்க்கலாம். நிரல் பாதி எழுதியிருந்தாலும் கணக்கு 44தான். 45இல் பாதியைப் பிடித்துச் சேர்த்துக்கொள்ள முடியாது. கையெழுத்து விழாத ஆணை ஆணையாகாது என்று நாங்கள் சொல்வோமே, அதே நியாயம்.

குறையும் இருக்கிறது. இந்த முறையில் நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. எங்கள் அலுவலக 'சீட்' மாதிரி. பொறுப்பு தெளிவாக இருக்கும், நல்லதுதான். ஆனால் சீட்டுக்காரர் லீவு போட்டால் கோப்பு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அஜைல் குடும்பத்திலேயே வேறு முறைக்காரர்கள், நிரல் எல்லோருக்கும் பொது, யாரும் திருத்தலாம் என்கிறார்கள். இரண்டாவது ஆள் ஒருவருக்காவது ஒவ்வொரு பகுதியும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்றும் சொல்வேன். அந்தச் சதவீதம் மேலதிகாரிக்கு உதவும், கவுன்டருக்கு உதவாது. 99இல் நிற்கும் வேலையும் வரிசையில் நிற்கும் அம்மாவுக்குப் பூஜ்யம்தான். "200 வேலைகளில் 60 முழுசாக முடிந்தன, இதோ அந்த 60" என்று சொன்னால் போதும். அந்த 60இல் ஜனங்களுக்கு அவசரமானவை முதலில் இருக்க வேண்டும். எங்கள் துறையில் குடும்ப ஓய்வூதியத்தை முதல் மாதமே எடுத்திருந்தால், மற்றவை இரண்டு ஆண்டு தாமதமானால்கூட யார் வயிறும் காய்ந்திருக்காது.

'ப்தி தா ப்தி, லுவாசோ ஃபே சோன் நி' என்று பிரெஞ்சில் ஒரு பழமொழி. சிறுகச் சிறுகத்தான் பறவை கூடு கட்டும் என்று பொருள். வைத்த ஒவ்வொரு குச்சியும் கண்ணுக்குத் தெரியும், எண்ணிவிடலாம். அரசுப் பணத்தில் எழுதப்படும் எந்த மென்பொருளுக்கும் இப்படி ஒரு பட்டியல் ஜனங்கள் பேசும் தமிழில் இருக்க வேண்டும். கவுன்டரில் உட்காருபவர் தானே செய்து பார்த்து டிக் போட்ட பிறகுதான் அந்த வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.