உப்புவெளியில் ஒரு பழைய கார்

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது நம் பாட்டிமார் ஓயாமல் சொல்லும் பழமொழி. உப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் என்ன விளையும்? அங்கே புல் முளைக்காது, நிழல் தர ஒரு மரம் இராது. ஆயினும் அப்படிப்பட்ட ஓர் இடத்திற்கு ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் நூற்றுக்கணக்கானோர் மோட்டார் கார்களை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அவற்றுள் பல, நம் தாத்தாக்கள் பிறந்த காலத்துக் கார்கள். அவற்றை எவ்வளவு வேகமாக ஓட்ட முடியும் என்று சோதித்துப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். வென்றவருக்குப் பரிசுப் பணம் ஒரு காசும் கிடையாது!

‘இது என்ன பைத்தியக்காரத்தனம்?’ என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நாமும் முதலில் அப்படித்தான் கேட்டோம். அந்தக் கார்கள் எவ்வாறு உருவாகின்றன என்று படித்த பின்னர் நம் எண்ணம் மாறியது. அது ஏன் மாறியது என்பதையும், நம் போன்ற பெண்களுக்கு அதில் என்ன பாடம் இருக்கிறது என்பதையும் சொல்லவே இக்கட்டுரை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் மேற்கு எல்லையில், வெண்டோவர் என்னும் சிற்றூரை அடுத்து இருக்கிறது பானவில் உப்புவெளி. பனியூழிக் காலத்தில் அப்பகுதி ஒரு மாபெரும் ஏரியாக இருந்தது. ஏரி வற்றிச் சுருங்கியபோது நீரில் கரைந்திருந்த உப்பு தாழ்ந்த நிலத்தில் படிந்துவிட்டது. குளிர்காலத்தில் அதன்மேல் மெல்லிய நீர்ப்பரப்பு நிற்கும். காற்று அந்நீரை அங்கும் இங்கும் அலைத்து மேடு பள்ளங்களைச் சமன் செய்யும். கோடையில் நீர் ஆவியாகிப் போக, வெள்ளை வெளேரென்ற கெட்டித் தரை மிஞ்சும். எந்தப் பொறியாளரும் போடாத சாலை அது!

1935-ஆம் ஆண்டு ஆங்கிலேயரான சர் மால்கம் கேம்பல் இங்கேதான் மணிக்கு 301 மைல் வேகத்தில் கார் ஓட்டி, தரையில் 300 மைலைக் கடந்த முதல் மனிதர் ஆனார். 1947-இல் ஜான் காப் 394 மைல் சராசரியை எட்டினார். இவை விமான எஞ்சின்கள் பூட்டிய, பெரும் பொருட்செலவில் செய்யப்பட்ட கார்கள். நாம் பேச வந்தது இவற்றைப் பற்றியன்று. கலிபோர்னியாவில் கையில் அதிகப் பணமில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தாமே மாற்றி அமைத்து, வறண்ட ஏரித் தரைகளில் ஓட்டிப் பார்த்தனர். 1937-இல் அவர்கள் ஒன்றுசேர்ந்து தென் கலிபோர்னிய நேரக் கணிப்புச் சங்கத்தை அமைத்தனர். அச்சங்கத்தார் 1949 ஆகஸ்டில் முதன்முறையாகப் பானவில் உப்புவெளியில் கூடினர். அன்று தொடங்கிய வேக வாரம்தான் இன்றும் நடக்கிறது.

அவர்கள் மிகவும் விரும்பியவற்றுள் ஒன்று 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு கார். எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சாமானியரும் வாங்கும் விலையில் தந்த கார் அது. அதன் ஆற்றல் 65 குதிரைத் திறன். அக்கார் மணிக்கு 80 மைல் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். அதை 160 மைல் ஓட வைக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? ‘இரு மடங்கு’ என்று நம்மில் பலர் சட்டென்று விடை சொல்லிவிடுவோம். அது தவறு! வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை இரு மடங்கு வேகத்தில் தள்ளிச் செல்ல எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். 65-ஐ எட்டால் பெருக்கினால் 520 குதிரைத் திறன்! இது தோராயக் கணக்குதான். ஆனாலும் பகைவன் யார் என்பதை இது காட்டிவிடுகிறது. எஞ்சினைப் பெரிதாக்குவதை விடக் காற்றை ஏமாற்றுவதே அறிவுடைமை.

ஆகவே கார் அமைப்பவர் முதலில் கழற்றத் தொடங்குகிறார். மட்கார்டு போகிறது, விளக்குகள் போகின்றன, முன்கண்ணாடி போகிறது. காரின் உடல் தரையை நோக்கித் தாழ்த்தப்படுகிறது. சக்கரங்களின் மேல் வழவழப்பான வட்டத் தகடுகளும், அடிவயிற்றில் தட்டையான தகடும் பொருத்தப்படுகின்றன. சிலர் ரேடியேட்டரையே எடுத்துவிட்டு, எஞ்சினைக் குளிர்விக்க ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்கின்றனர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1946-இல் பில் பர்க் என்பவர் போர் விமானத்தின் கழற்றிவிடும் எரிபொருள் தொட்டியை வாங்கி, அதையே காரின் உடலாக்கிக்கொண்டார். குண்டு வீசப் போன விமானத்திற்குத் துணை சென்ற தொட்டி, அமைதிக் காலத்தில் ஓர் இளைஞனின் ஆசையைச் சுமந்து ஓடியது! போர்த் தளவாடத்திற்கு இதைவிட நல்ல கதி உண்டோ?

அடுத்து வருவது நம்மை வியக்க வைக்கும் செய்தி. பந்தயக் கார் என்றாலே எடை குறைவாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். உப்புவெளியிலோ ஈயக் கட்டிகளையும் இரும்புத் தகடுகளையும் காரில் ஏற்றுகிறார்கள்! உப்புத் தரை சற்று வழுக்கும். எடை போதாவிட்டால் சக்கரம் வீணே சுழலும், கார் முன்னேறாது. ஓடுவதற்கு மைல் கணக்கில் இடம் இருப்பதால் பாய்ந்து கிளம்ப வேண்டிய அவசியமில்லை. மெல்லத் தொடங்கினாலும் போதும். தொடக்கத்தில் வேறொரு வண்டி பின்னிருந்து தள்ளிவிடுவதும் உண்டு. பொறுமையாக வேகம் சேர்ப்பவரே அங்கு வெல்கிறார்.

ஓட வைப்பதை விட நிறுத்துவதும் ஓட்டுநரைக் காப்பதும் கடினம். வேகமான கார்களுக்குப் பின்புறம் பாரசூட் கட்டாயம். கார் உருண்டாலும் நசுங்காத இரும்புக் கூண்டு, தீயணைக்கும் கருவி, தீப்பற்றாத உடை, தோளையும் இடுப்பையும் பிணைக்கும் வார்கள் ஆகியவை இல்லாமல் யாரும் தொடக்கக் கோட்டுக்கே போக முடியாது. சங்கத்தின் பரிசோதகர்கள் ஒவ்வொரு காரையும் துருவித் துருவிப் பார்க்கின்றனர். கட்டப்பட்ட இருக்கையிலிருந்து பிறர் உதவியின்றி வெளியேற முடியும் என்று ஓட்டுநர் செய்து காட்ட வேண்டும். புதியவர் எடுத்த எடுப்பிலேயே 200 மைலில் பறந்துவிட முடியாது. படிப்படியாக வேகத்தை உயர்த்தி ஒவ்வொரு படிக்கும் தகுதி பெற வேண்டும்.

சாதனை என்பதும் ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடுவதில்லை. முதல் ஓட்டத்தில் பழைய சாதனையை மிஞ்சினால், காரைத் தனியிடத்தில் காவலில் நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலையில் மீண்டும் ஓட வேண்டும். இரண்டின் சராசரியே கணக்கு. தற்செயலாக ஒரு முறை வென்றவரை அங்கு வெற்றியாளர் என்று ஏற்பதில்லை. 200 மைல் வேகத்தில் ஒரு மைலைக் கடக்க ஆகும் நேரம் 18 விநாடி. அந்த 18 விநாடிக்காக ஓராண்டு, ஈராண்டு, சில வேளை பத்தாண்டு உழைப்பு! ஓடி முடித்து ஊர் திரும்பியதும், இண்டு இடுக்கெல்லாம் புகுந்த உப்பைக் கழுவித் துடைக்கும் வேலை காத்திருக்கிறது. இல்லாவிட்டால் துரு தின்றுவிடும்.

1965-இல் பாப், பில் என்னும் சம்மர்ஸ் சகோதரர்கள் நான்கு எஞ்சின்களை வரிசையாகப் பூட்டித் தாமே அமைத்த ‘கோல்டன்ராட்’ என்ற கார் மணிக்கு 409 மைல் ஓடியது. பாப் காரை ஓட்டினார். ஆனால் அந்தச் சாதனை ஓட்டியவருடையது மட்டுமன்று. வரைந்தவர், வெட்டியவர், பற்றவைத்தவர், திருகாணி முடுக்கியவர் அனைவருடையதும் ஆகும்.

இங்கேதான் நம் கருத்துக்கு வருகிறோம். அன்புத் தோழியரே, இந்தக் கதையில் பெண்கள் எங்கே?

இருக்கிறார்கள். 1965 நவம்பரில் லீ பிரீட்லவ் என்ற பெண்மணி பானவில்லில் ஜெட் காரை மணிக்கு 308 மைல் வேகத்தில் ஓட்டினார். பெருமைதான்! ஆனால் அந்தக் கார் அவருடைய கணவருடையது. போட்டியாளர் ஒருவர் அன்று அத்தளத்தைப் பயன்படுத்த இயலாதபடி செய்யவே மனைவியிடம் கார் தரப்பட்டது என்றும் சொல்லப்படுகிறது. 1976 டிசம்பரில் கிட்டி ஓ’நீல், ஓரிகன் மாநிலத்து வறண்ட ஏரித் தரையில் மூன்று சக்கர ராக்கெட் வண்டியை ஓட்டி 512 மைல் சராசரியை எட்டினார். குழந்தைப் பருவத்திலேயே செவிப்புலனை இழந்தவர் அவர்! இன்னும் வேகமாக ஓட்ட அவரால் முடிந்திருக்கும். ஆனால் பெண்களுக்கான சாதனை வரைதான் அவருக்கு ஒப்பந்தம். அனைவருக்குமான சாதனையை முயலும் உரிமை ஓர் ஆணுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. கிட்டி அத்துடன் நிறுத்தப்பட்டார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் படித்தபோது நம் மனம் கொதித்தது உண்மை. ஆனால் கொதிப்பினால் என்ன பயன்? பிறர் கொடுத்த சாவியைப் பிறர் திரும்பக் கேட்கலாம் என்பதே நாம் கண்ட பாடம். தன் கையால் அமைத்த காரிலிருந்து யாரும் ஒருவரை இறங்கச் சொல்ல முடியாது. நேரக் கணிப்புச் சங்கத்தின் சாதனைப் பட்டியலில் பெண்களுக்கென்று தனிப் பிரிவு இல்லை. காரின் வகையும் எஞ்சினின் அளவும்தான் கேட்கப்படுகின்றன. ஓட்டுபவர் ஆணா பெண்ணா என்று உப்பும் கேட்பதில்லை, கடிகாரமும் கேட்பதில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியது சாவியை அன்று, ஸ்பானரை!

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

‘ஆபத்தான விளையாட்டு’ என்பார்கள் பெற்றோர். ஆம், ஆபத்தானதுதான். உலோகத்தை வெட்டிப் பற்றவைத்துக் கார் கட்டும் தொழிலை முறையாகக் கற்ற ஜெசி கோம்ஸ், 2019 ஆகஸ்டு 27 அன்று, கிட்டி ஓடிய அதே ஓரிகன் தரையில், ஜெட் காரின் முன்சக்கரம் பழுதாகி உயிரிழந்தார். அவருக்கு வயது 39. அன்று அவர் எட்டிய 522 மைல் வேகத்தைக் கின்னஸ் நிறுவனம் 2020-இல் பெண்களின் சாதனையாக ஏற்றது. அச்செய்தியைப் பெருமையோடு மட்டும் நம்மால் எழுத முடியவில்லை. மகளை இழந்த வீட்டுக்குச் சாதனைச் சான்றிதழ் ஈடாகுமா? ஆகாது. 500 மைல் வேகத்தை நாம் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. கூண்டும் பாரசூட்டும் பரிசோதகரும் உள்ள இடத்தில், படிப்படியாகத் தகுதி பெற்று ஓட்டுவதற்கும், தெருவில் தலைக்கவசமின்றிப் பறப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் நினைவூட்டுகிறோம். வேகத்தை மதிப்பவர் அதற்குரிய இடத்தில்தான் அதைத் தேடுவார்.

‘வீண் செலவு, இயற்கைக்குக் கேடு’ என்பது இரண்டாவது மறுப்பு. இதிலும் உண்மை உண்டு. பானவில்லின் உப்புப் படலம் பல பத்தாண்டுகளாக மெலிந்து வருகிறது. அருகில் பொட்டாஷ் எடுப்பதற்காக உப்புநீர் இழுக்கப்படுவது ஒரு முக்கியக் காரணமாகப் பேசப்படுகிறது. 1997 முதல் உப்புநீரை மீண்டும் வெளிக்குப் பாய்ச்சும் முயற்சியும் நடந்திருக்கிறது. தரை சரியில்லாமல் 2014, 2015 ஆகிய இரு ஆண்டுகளும், நீர் தேங்கியதால் 2022-ஆம் ஆண்டும் வேக வாரமே நடக்கவில்லை. ஆண்டு முழுவதும் உழைத்தவர்கள் காரைக் கொட்டகையில் மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பணத்தால் எஞ்சின் வாங்கலாம். உப்புவெளியை வாங்க முடியாது. அத்தரையைக் காக்க வேண்டும் என்று குரல் கொடுப்பவர்களுள் அங்கு ஓடுபவர்களும் இருக்கிறார்கள் என்பது நமக்கு ஆறுதல்.

‘பெண்ணுக்கு எதற்கு இதெல்லாம்?’ என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு மட்டும் நாம் சிறிதும் இணங்க மாட்டோம். வீட்டில் தையல் இயந்திரம் சிக்கிக்கொண்டால் அதைக் கழற்றி, நூல் துணுக்கை எடுத்து, எண்ணெய் விட்டு ஓட வைப்பவர் யார்? அம்மாதானே? அந்தக் கைக்கு இயந்திரம் புரியாது என்று எவ்வாறு சொல்லலாம்? சைக்கிள் செயின் கழன்றால் தம்பியைக் கூப்பிடுகிறோம். ஃப்யூஸ் போனால் பக்கத்து வீட்டு அண்ணனைத் தேடுகிறோம். நமக்குத் தெரியாது என்பதைவிட, நம்மைத் தொடவிடவில்லை என்பதே காரணம்.

எனவே பெற்றோர்களுக்கும், நம்மை உருவாக்கும் அருட்சகோதரியர்க்கும் ஆசிரியைகளுக்கும் நம் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. எங்களுக்கு மோட்டார் கார் வேண்டாம். உடைந்த ஒரு சைக்கிளையும் ஒரு பெட்டி கருவிகளையும் தாருங்கள். கழற்றிப் பார்க்க விடுங்கள். மாட்டத் தெரியாமல் விழிக்கும்போது கடிந்துகொள்ளாமல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோழியரே! தேர்வும் ஒரு வகையில் உப்புவெளி ஓட்டந்தான். ஓராண்டு உழைப்பு, மூன்று மணி நேர ஓட்டம். மணி அடித்த பின் மெருகேற்ற நேரமில்லை. முந்தைய இரவு திருகாணி முடுக்கியவள் நடுவழியில் நிற்பாள். ஆண்டு முழுவதும் முடுக்கியவள் மறுகரையைச் சேர்வாள். பரிசு உண்டா என்று எண்ணாமல் ஒரு பழைய காரைப் பத்தாண்டு சீராட்டும் அந்த மனிதர்களைப் பைத்தியக்காரர்கள் என்று நாம் இனிச் சொல்ல மாட்டோம். நாமும் ஒரு ஸ்பானரைக் கையில் எடுப்போம்!