கணிப்பொறி சொன்னால் போதுமா?

திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளில் ஏறியிருப்பீர்கள். நம் பழைய கல் மண்டபங்களில் தூண்கள் ஏன் அத்தனை நெருக்கம் என்று யோசித்ததுண்டா? பாரம் ஏறினால் உத்தரத்தின் மேற்பக்கம் நசுங்கும்; அடிப்பக்கம் இழுபடும். கல் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. நீளத்தில் எத்தனை பங்கு மாறியது என்பதே திரிபு.

இன்று உத்தரத்தைக் கணிப்பொறியில் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் திரிபையும் கணக்கிடுகிறார்கள். இது 'ஃபைனைட் எலிமென்ட்' முறை. விடை வண்ணப் படமாக வரும். அதில் மயங்கும் என் மாணவர்களுக்கு நார்வே நாட்டுக் கதையைச் சொல்வேன்.

1991 ஆகஸ்டு 23. 'ஸ்லைப்னர் ஏ' எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளத்தைக் கடலில் அமிழ்த்திச் சோதித்தபோது, ஒரு சுவர் பிளந்து முழுதும் மூழ்கியது. (நல்லவேளை, உயிர்ச்சேதமில்லை.) சுவர்கள் கூடும் இடத்தில் கூறுகளைச் சரியாகப் பிரிக்காததால், சறுக்குத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது, கம்பிக் கட்டும் போதவில்லை. பிறகு நுணுக்கமாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது விடை. உடைந்ததோ 65 மீட்டரில்! ஆக, குற்றம் முறையில் இல்லை.

எனவே, முதலில் பென்சிலும் தாளும் எடுங்கள் என்கிறேன். இரு புத்தகங்கள் மீது ஸ்கேலை வைத்து, நடுவில் எடை ஏற்றி, வளைவை அளவிடுங்கள். புத்தகங்களின் இடைவெளியை இரட்டித்தால் வளைவு ஏறத்தாழ எட்டு மடங்காக வேண்டும். வருகிறதா?