மலைகள் உண்டு, பந்தயம் இல்லை: தென்னிந்திய சைக்கிள் ஓட்டத்தின் நிலை

கோலார் தங்க வயல்: ருவாண்டா தலைநகர் கிகாலியில் 2025 செப்டம்பர் 28 அன்று நடைபெற்ற உலக சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப் ஆடவர் பந்தயத்தில் 160-க்கும் மேற்பட்டோர் புறப்பட்டனர், முடித்தவர்கள் 30 பேர் மட்டுமே. 267.5 கிலோமீட்டர் தொலைவில் வீரர்கள் ஏறிய மொத்த உயரம் சுமார் 5,475 மீட்டர். ஸ்லோவேனியாவின் தாதேய் பொகாச்சார், எல்லைக்கோட்டுக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கையிலேயே கிகாலி மலை ஏற்றத்தில் கூட்டத்தை உடைத்துக்கொண்டு முன்னேறி, பட்டத்தைத் தக்கவைத்தார்.

ஆப்பிரிக்க மண்ணில் முதன்முறையாக நடந்த அந்தப் போட்டி, மலைப்பாங்கான ஒருநாள் பந்தயத்தின் தன்மையை ஐயமின்றிக் காட்டியது. பல நாள் தொடரில் இன்று இழந்த நேரத்தை நாளை மீட்கலாம். ஒருநாள் பந்தயத்தில் அந்த வாய்ப்பு இல்லை. சமவெளியில் கூட்டத்தின் நடுவே செல்பவர், முன்னால் செல்வோர் காற்றைத் தடுப்பதால் தம் உழைப்பில் கணிசமான பகுதியை மிச்சப்படுத்துகிறார். ஏற்றத்தில் வேகம் குறைவதால் அந்தப் பாதுகாப்பு ஏறத்தாழ மறைந்து, உடல் எடைக்கு ஏற்ற வலிமை மட்டுமே பேசுகிறது. 1892-இல் தொடங்கிய பெல்ஜியத்தின் லியேஜ்–பாஸ்தோஞ்–லியேஜ் பந்தயம் இன்றும் இந்த வகைக்கு அளவுகோலாக இருப்பது அதனால்தான்.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய மரபு மகாராஷ்டிரத்தில் உள்ளது. மும்பை–புணே சைக்கிள் பந்தயத்தில் கோபோலியிலிருந்து லோணாவளா நோக்கி 500 மீட்டருக்கும் அதிகமாக உயரும் போர் மலைப்பாதையே வெற்றியைத் தீர்மானிக்கும் களம். அங்கு முதலில் ஏறி முடிப்பவருக்கு 'மலைப்பாதையின் அரசன்' எனத் தனிப் பட்டமே உண்டு. அந்தப் பின்னணி கொண்ட புணேயில்தான் 2026 ஜனவரியில், சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் 2.2 பிரிவு அங்கீகாரத்துடன் ஐந்து நாள் தொடர் நடந்தது. அதற்காகச் சாலைகள் சீரமைக்கப்பட்டன. மாநில அரசு முன்னின்றது. இத்தகைய போட்டிகளில் கிடைக்கும் தரவரிசைப் புள்ளிகளே உலக சாம்பியன்ஷிப், ஒலிம்பிக் இடங்களைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஒலிம்பிக் சைக்கிள் போட்டியில் இந்தியர் கடைசியாகப் பங்கேற்றது 1964 டோக்கியோவில் என்பதை நினைத்தால், உள்நாட்டிலேயே புள்ளி பெறும் வாய்ப்பின் மதிப்பு புரியும். பெங்களூரில் பயிற்சி பெற்ற நவீன் ஜான் போன்றோர் அனுபவத்துக்காக பெல்ஜியம் வரை செல்ல வேண்டியிருந்தது.

தெற்கில் ஏற்றங்களுக்குக் குறைவில்லை. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. நந்தி மலையில் வார இறுதிகளில் பெங்களூர் ஓட்டுநர்கள் திரள்கின்றனர். 2008 முதல் நடைபெறும் நீலகிரி சைக்கிள் பயணம் கல்லட்டியைப் பலருக்கு அறிமுகம் செய்தது. எனினும் அது ஆர்வலர்களுக்கான பயணம். தொழில்முறைப் பந்தயத்துக்கு ஈடாகாது.

கோலார் தங்க வயலையே எடுத்துக்கொள்ளலாம். கோரமண்டல், மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் எனத் தமிழர் குடியிருப்புகள் நிறைந்த இந்நகரம், கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலான பீடபூமியின் கிழக்கு ஓரத்தில் உள்ளது. குப்பம் வழியாக நாட்றம்பள்ளிக்கு இறங்கினால் எதிரே 14 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏலகிரி நிற்கிறது. இறக்கம், சமவெளி, இறுதியில் செங்குத்தான ஏற்றம் என ஒருநாள் பந்தயத்துக்கு வேண்டிய அனைத்தும் இயற்கையாகவே அமைந்த பாதை இது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் வேலைக்காக அன்றாடம் பெங்களூருக்கு ரயிலேறும் ஊருக்கு, ஒரு நாள் வருமானமும் கவனமும் சிறிதல்ல.

தடை புவியியலில் இல்லை, நிர்வாகத்தில் உள்ளது. இப்பாதை கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என மூன்று மாநிலங்களைக் கடக்கிறது. பல மணி நேரம் சாலையை மூட மூன்று மாநிலக் காவல் துறைகளும் ஒப்ப வேண்டும்; இறக்கத்தில் மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் மேல் பாயும் வீரருக்கு ஒரு குழியோ குறுக்கே வரும் மாடோ உயிராபத்து. பேருந்து நின்றுபோகும் கிராமங்களின் சம்மதமும் தேவை. புணேயில் ஒரே மாநில அரசு இவ்வளவையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தெற்கில் எந்த அரசு முதல் அடி வைக்கிறதோ, அது ஒரே மாநிலத்துக்குள் அடங்கும் கல்லட்டியிலோ கொல்லிமலையிலோ 1.2 பிரிவு ஒருநாள் பந்தயத்துடன் தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது. ஐந்து நாள் தொடரைவிட அதற்கு ஆகும் செலவும் மூட வேண்டிய சாலையும் மிகக் குறைவு.