கயிறு பிடிக்க ஒருவர்

எங்கள் அப்பா முத்துக் குளித்தவர் அல்லர். குளித்தவருக்குக் கயிறு பிடித்தவர். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த 1961-ல் திரேஸ்புரத்திலிருந்து போன ஒரு தோணியில் அவருக்கு அந்த வேலை. குளியாள் கல்லில் கால் பதித்து இறங்குவார். ஏறக்குறைய ஒரு நிமிடம், அவ்வளவுதான் மூச்சு. அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கயிற்றை அசைக்க வேண்டும். அந்த அசைவு தெரிந்த நொடியில் மேலே இருப்பவர் இழுத்தாக வேண்டும். “மூச்சு அவனுக்கு, கணக்கு எனக்குலே” என்பார் அப்பா. ஆள் கீழே இருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம்கூட அவர் வாய் திறந்ததில்லையாம்.

எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டவர்களைச் சோம்பேறி என்றும் மன உறுதி இல்லாதவர் என்றும் நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. விட்டவருடைய மூச்சை மட்டும் அளக்கிறோம். கயிறு யார் கையில் இருந்தது என்று கேட்பதே இல்லை.

நானும் விட்டவன்தான். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நாளில், 1988-ல், அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். சேர்ந்த அன்று தெருவே வாழ்த்தியது, அம்மா எல்லா வீட்டுக்கும் மிட்டாய் கொடுத்தாள். இரண்டு வருடம் தேறினேன். மூன்றாம் வருடம் கப்பல் வந்தால் இரவு வேலை, வந்து படுத்தால் விடிந்துவிடும். புத்தகங்கள் டிரங்குப் பெட்டிக்குப் போயின. “பரீட்சை என்னாச்சு?” என்று அந்த வருடம் முழுக்க ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெட்கத்துக்காகவாவது எழுதியிருப்பேன் என்று இன்றும் நம்புகிறேன்.

எங்கள் துறைமுகத்துக்கு 2011-லிருந்து வ.உ.சிதம்பரனாரின் பெயர். பள்ளிக்கூடத்தில், அவர் சிறையில் செக்கிழுத்த கதையைச் சொல்லி, அவருடைய நெஞ்சுரத்தைப் பார் என்பார்கள். அதில் ஐயமே இல்லை. ஆனால் சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதையை எடுத்துப் பாருங்கள். 1906 அக்டோபரில் பதிவான கம்பெனி அது. 25 ரூபாய்ப் பங்குகளாக 10 லட்சம் திரட்டத் திட்டம். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைத் தாறுமாறாகக் குறைத்தும் அவர் அசரவில்லை. 1908 மார்ச் 12-ல் அவரைக் கைது செய்தார்கள். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-ல், கம்பெனி மூடப்பட்டது. அவர் மூச்சு ஓயவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த கைகள்தாம், பயத்தாலும் நட்டத்தாலும், ஒவ்வொன்றாக விலகின. 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது சிறை வாசலில் வரவேற்கக் கூட்டமும் இல்லை.

சிறைவாசக் காலத்தில் அவர் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழில் தந்தார். எண்ணம்தான் வாழ்வை ஆக்குகிறது என்பது அதன் சாரம். அதை மொழிபெயர்த்தவரின் வாழ்க்கையே மனம் மட்டும் போதாது என்று சொல்வதாக எனக்குப் படுகிறது. சிறையில் இருந்தவருக்காக மனுமேல் மனு போட்ட மனைவி மீனாட்சி அம்மாள் ஒரு கை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் திரட்டி, காந்தி வழியாக 1916-ல் வந்து சேர்ந்த 347 ரூபாய் இன்னொரு கை. பறிபோன வக்கீல் சன்னது திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் நினைவாக மகனுக்கு வாலேசுவரன் என்றே பெயர் வைத்தார். கப்பல் போனபின் தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பிக்க உட்கார்ந்தாரே, அந்த மனிதரைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

கயிறு பிடிக்கிற வேலை கைதட்டுகிற வேலை அல்ல. இன்று ஒருவர் தன் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அறிவித்தால் நூறு கட்டைவிரல்கள் வருகின்றன. மறு மாதம் ஒருவருக்கும் நினைவிருப்பதில்லை. நூறு பேர் வேண்டாம், ஒருவர் போதும். அவருக்கு நாள் தெரிய வேண்டும், கேட்கத் தயங்கக் கூடாது. இன்னொன்றும் தெரிய வேண்டும்: எப்போது மேலே இழுப்பது என்பது. குளியாள் நாள் முழுக்க அடியிலேயே கிடப்பதில்லை. ஏறி, மூச்சு வாங்கி, மறுபடி இறங்குவார். ஒரே மூச்சில் சாதிக்கப் பார்த்து நெஞ்சு வெடித்தவர்களைத்தான் நாம் ‘விட்டுவிட்டான்’ என்கிறோம்.

என் 52-ஆம் வயதில் டிரங்குப் பெட்டியைத் திறக்க வைத்தவர், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். ஞாயிறுதோறும் டீக்கடையில் “எந்தப் பாடம் ஓடுது?” என்று கேட்பார். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டார். பட்டத்தோடு போய் நின்றபோது சான்றிதழை வாங்கி, மதிப்பெண்ணை வரிவரியாகப் படித்தார்.

எதிர்வீட்டுப் பெண் குரூப் 4 தேர்வுக்கு மூன்றாம் முறையாகப் படிக்கிறாள். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நான் போன் செய்வேன். போன வாரம் எடுத்ததுமே, “பெரியப்பா, இந்த வாரம் ஒண்ணும் படிக்கலை, காய்ச்சல்” என்றாள். சரி, தூங்கு, அடுத்த சனிக்கிழமை கேட்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.