வாயில்லாத பிள்ளையும் பிழைக்கும்

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்ற பழமொழியைக் கேட்டே அமைதியான பிள்ளைகள் வளர்கிறார்கள். கரையாம்புத்தூர் முதலான, புதுச்சேரி மாநிலத்தின் பாகூர் கொம்யூன் ஊர்களிலிருந்து படிப்புக்கோ வேலைக்கோ புதுச்சேரி நகருக்கும் கடலூருக்கும் போகும் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. பேசாதவர் பின்தங்குவார் என்ற இந்த நம்பிக்கைக்குச் சொல்லப்படும் காரணங்கள் ஆராய்ந்தால் நிற்பதில்லை.

அதிகம் பேசாதவரால் தலைமை தாங்க முடியாது என்பது முதல் காரணம். காமராஜர் 1954 முதல் 1963 வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்தார். கோரிக்கையோடு வந்தவர்களிடம் அவர் சொல்லும் “பார்க்கலாம்” என்ற ஒற்றைச் சொல்லே அவருடைய அடையாளமாகிவிட்டது. 1964 மே 27இல் பிரதமர் நேரு காலமானபோது காமராஜர் காங்கிரஸ் தலைவராக இருந்தார். அடுத்த பிரதமர் யார் என்று கட்சியினரின் கருத்தைக் கேட்டறியும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆளுக்கொரு விருப்பம் சொன்னவர்களிடமெல்லாம் காது கொடுத்தார். தம் மனத்தில் இருப்பதை முந்திக்கொண்டு கொட்டவில்லை. ஜூன் 2இல் லால் பகதூர் சாஸ்திரி ஒருமனதாகத் தேர்வானார். அவரும் மெல்லப் பேசும் மனிதர்தான். 1967 தேர்தலில் மேடைப் பேச்சில் வல்ல தி.மு.க.விடம் காங்கிரஸ் தோற்று, காமராஜரும் விருதுநகரில் தோற்றாரே என்று கேட்கலாம். அரிசித் தட்டுப்பாட்டையும் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையும் விட்டுவிட்டு அந்தத் தோல்விக்குக் கணக்குச் சொல்ல முடியாது.

கூடிப் பேசினால்தான் புதிய யோசனை பிறக்கும் என்பது அடுத்தது. அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன் பரப்பிய கருத்து இது. 1958இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு இதைச் சோதித்தது. சேர்ந்து பேசிய நால்வரைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் யோசனைகளைத் தொகுத்தபோது கூடுதலாகவே கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதும், அதற்குள் நினைத்தது நழுவிவிடுவதும் ஒரு காரணம் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

பேசாதவர் அழுத்தக்காரர், யாரோடும் ஒட்டாதவர் என்ற பழியும் உண்டு. 1926 நவம்பரில் புதுச்சேரியில் தம் அறைக்குள் ஒதுங்கிய அரவிந்தர், 1930களில் சீடர்களுக்கு ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதினார். சிலர் வாயால் பழகுவார்கள், சிலர் எழுத்தால்.

பயத்தால் வாய் திறக்காதவர் கதை வேறு. ரேஷன் அட்டைக்கோ பட்டாவுக்கோ அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டிய இடத்தில் மௌனம் நட்டம்தான். அங்கே பேசப் பழக்குவது பெரியவர்களின் கடமை. மற்றபடி, வகுப்பில் முதலில் கை தூக்கும் பிள்ளைக்கே எல்லா வாய்ப்பையும் தராமல், விடையை ஒரு நிமிடம் தாளில் எழுதவிட்டுப் பிறகு கேட்கும் வழக்கத்தை ஆசிரியர்கள் தொடங்கலாம். அதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.