நீர் வழியும் நினைவு வழியும்

வருசநாட்டு மலைகளில் பிறந்து, கடமலைக்குண்டு வழியே இறங்கி வரும் வைகை மதுரைச் சீமையின் உயிர். அந்நதிக்கரையை ஒட்டி வைகை அணை வரையிலும், அங்கிருந்து 58 கிராமக் கால்வாயின் கரைமீது உசிலம்பட்டி வட்டாரத்துக்கும், அப்பால் பெருங்காமநல்லூருக்கும் ஒரு நடைவழி அமைக்கப்பட வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். இது வெறும் உல்லாச யாத்திரைக்கான யோசனையென்று எவரும் எண்ணிவிடலாகாது.

1895-ம் வருஷத்தில் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கு செழித்தது. மேலூர்ப் பக்கமும் வாய்க்கால் பாய்ந்தது. உசிலம்பட்டிப் புன்செய்களோ வானத்தையே நம்பிக் கிடந்தன. அங்கு வாழ்ந்த பிரமலைக் கள்ளர்களுக்கு அந்நிய சர்க்கார் அளித்தது நீரன்று. குற்றப் பரம்பரைச் சட்டம். குற்றம் புரிந்தவன், புரியாதவன் என்ற பேதமின்றிக் கைரேகை பதியுமாறு அது கட்டளையிட்டது.

1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூர் மக்கள் அதற்கு இணங்க மறுத்தனர். போலீஸார் சுட்டனர், 16 பேர் மாண்டனர். காயமுற்றோருக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்று உயிர் நீத்த மாயக்காளை அவ்வூரார் இன்றும் போற்றுகின்றனர். ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்து அப்போது ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அமிர்தசரஸை நாடு முழுதும் அறியும். பெருங்காமநல்லூரைத் தமிழரிலேயே எத்தனை பேர் அறிவர்? சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-ல் ஒழிந்தது. அதனால் விளைந்த அவச்சொல் அத்துடன் ஒழிந்துவிடவில்லை.

பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்பில் 2013-ல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. நன்றி மறவாமை தமிழர் பண்பு. அதை நாம் குறை கூறோம். ஆனால் நீர் தந்தவனை நினைக்கும் நாடு, நீர் மறுக்கப்பட்டு மானத்துக்காக மாண்டவர்களை மறப்பது நியாயமாகுமா?

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுமென்று சிலர் ஆட்சேபிக்கலாம். கால்வாய்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. இடையிடையே சரித்திரம் கூறும் கல், நிழலுக்கு வேம்பும் புங்கும், கோடையில் தண்ணீர்ப் பந்தல் ஆகியவை போதும். ஜனங்கள் நடமாடும் கரையில் உடைப்பும் ஆக்கிரமிப்பும் நெடுநாள் மறைந்திருக்க மாட்டா என்பது கூடுதல் லாபம்.

நடையின் வலிமை தேசபக்தர்களுக்குப் புதிதன்று. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தே சென்றார். வழிநெடுக ஊர்கள் விழித்தெழுந்தன. நீர்வளத் துறையும் ஊராட்சிகளும் இப்பணியை உடனே கைக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 3-ந் தேதி மாணவர்கள் இவ்வழியே நடந்து பெருங்காமநல்லூரை அடையட்டும். உரிமையின் விலை இன்னதென்று அவர்களுக்கு அந்த மண்ணே போதிக்கும்.