புலம்பினால் போதுமா? புகாரை எழுதுங்கள்!



கிளினிக் சுவரில் ஆலோசனைப் பெட்டி தொங்குகிறது. அதைக் கடைசியாகத் திறந்தது யார், எப்போது? கேட்டுப் பாருங்கள், கவுண்டரில் இருப்பவர் விழிப்பார்.

நாம் மட்டும் என்ன செய்கிறோம்? டாக்டர் முகம் பார்க்காமல் மருந்து எழுதினாலும், "நமக்கேன் வம்பு" என்று வீட்டில் வந்து புலம்புகிறோம். ஒரு வெள்ளிக் கட்டணம்தானே என்று வாயை மூடாதீர்கள். மீதிச் செலவு நம் வரிப்பணம்!

தனியார் கிளினிக்கா? நோயாளியின் குறையைக் கேட்க ஒரு முறை இருக்க வேண்டும் என்கிறது 2006-இல் அமலுக்கு வந்த சட்டம் 586. அது தயவல்ல, கடமை. அரசாங்க கிளினிக் என்றால் சுகாதார அமைச்சின் சிஸ்பா முறையில் புகார் செய்யலாம்.

தேதி, நேரம், நடந்தது, என்ன மாற வேண்டும் என்பதை எழுதுங்கள். மலாய் வராதா? பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். நகலில் முத்திரை கேளுங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் எழுதுங்கள். ஒரே குறை பத்துக் குடும்பத்துக்கா? பத்துக் கடிதம் போகட்டும்!

டாக்டர்களே, தமிழிலும் பாரம் வையுங்கள். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, எதைத் திருத்தினீர்கள் என்று அதே சுவரில் ஒட்டுங்கள்.

வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும், மக்களே!